அம்மா பஸ்ஸை நிறுத்திய இடங்கள்

வீட்டிலிருந்து,
ஞாயிறு மாலை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுகிறேன். இங்கே எல்லாம் சுகம், அம்மாவின் வலது காலைத் தவிர. பதறாதே. வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. அந்தக் கால் தன்னிஷ்டத்துக்குப் பிரேக்கை மிதிக்கிறது. அதுதான் அதன் நோய். அதைப் பற்றி நகரசபைக்கு ஒரு புகார் போயிருக்கிறது. வருகிற வியாழக்கிழமை கூட்டத்தில் விசாரிக்கிறார்கள். அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளும். நர்சிங் பரீட்சைக்குப் படிக்கிறவளைத் தொந்தரவு செய்யக் கூடாதுதான். ஒரு பாடத்துக்கும் அடுத்த பாடத்துக்கும் நடுவில் வைத்துப் படி.

பழைய டிரைவர் ஓய்வு பெற்றதும் சபை அம்மாவைக் குப்பை லாரியிலிருந்து எடுத்துப் பஸ்ஸில் போட்டது உனக்குத் தெரியும். அது இன்னும் நிரந்தரமாகவில்லை என்பதை நான் எழுதவில்லை. மூன்று மாதம் ஓட்டிக் காட்ட வேண்டும், அது வருகிற வாரத்தோடு முடிகிறது. சபைக்குத் திருப்தி என்றால் பஸ் அம்மாவுக்கு. இல்லையென்றால் மறுபடி லாரி.

இப்போது காலுக்கு வருகிறேன். அப்பாவுக்குப் பிறகு அந்த லாரியை அம்மா எத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறாள்! அவள் வண்டியை நிறுத்திக் குப்பை வாங்காத முனை இந்த ஊரில் கிடையாது. ஆனால் பஸ் அந்த முனைகளில் நிற்கக் கூடாது. பஸ்ஸுக்கென்று சபை அனுமதித்த நிறுத்தங்கள் வேறு. இது அம்மாவின் மூளைக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது. முதல் நாளே தையல்காரம்மா வீட்டு முனையில் பஸ் நின்றுவிட்டது. நின்றதோடு விட்டதா? கையும் காலோடு சேர்ந்துகொண்டு, பழையபடி இரண்டு குட்டை ஹாரன், ஒரு நீள ஹாரன் அடித்தது. தையல்காரம்மா குப்பை வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டார்.

கண்டக்டர் அண்ணன் படியில் நின்று, "அம்மா, இது மனுஷங்க ஏறுற வண்டி" என்றாராம். "தூக்கிட்டு வந்தாச்சு, இனிமே திரும்பக் கொண்டுபோக முடியாது. அரை டிக்கெட் போட்டு ஏத்திக்கப்பா" என்று தையல்காரம்மா வாளியை நீட்டினாராம். பஸ்ஸே சிரித்ததாம். அம்மா மட்டும் முன்கண்ணாடியைப் பார்த்தபடி காது சிவக்க உட்கார்ந்திருந்தாளாம். இதைச் சொன்னவர் கண்டக்டர் அண்ணன். அம்மாவா சொல்வாள்?

மறுநாளும் கால் அங்கேயே மிதித்தது. அன்று தையல்காரம்மா வாளியோடு நிற்கவில்லை, தைத்த துணிமூட்டையோடு நின்றார். ஏறிக்கொண்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு முனையிலும் ஆள் சேர்ந்துவிட்டது. ஊன்றுகோல் தாத்தா, இரட்டைக் குழந்தைக்காரி, இஸ்திரிக்காரர் எல்லாரும் லாரி நின்ற இடத்தில் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். அதில் ஒரு நியாயமும் இருக்கிறது, அக்கா. அந்தப் பழைய நிறுத்தங்களை வைத்தபோது ஊர் தபால் ஆபீஸோடு முடிந்திருந்தது. அதற்கு அப்பால் வீடு கட்டியவர்கள் எல்லாரும் இன்றுவரை நடந்து வந்துதான் பஸ் பிடிக்கிறார்கள்.

ஆனால் நின்று நின்று போனால் பஸ் தாமதமாகத்தானே ஸ்டேஷனுக்குப் போகும்? மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு இரண்டு தடவை ரயில் போய்விட்டது. புகார் கொடுத்தவர் அவர்தான். அவர் கோபம் நியாயமானது. ஆனால் 'குப்பை லாரி ஓட்டியவரை மனிதர்கள் ஏறும் வண்டியில் உட்காரவைத்தால் இப்படித்தான் ஆகும்' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார். அது தேவையில்லாத வரி. எங்கள் தமிழ் டீச்சராக இருந்தால் அதைச் சிவப்பு மையால் அடித்திருப்பார்.

நீ கவலைப்படாதே. அம்மா கூட்டத்தில் வாசிக்க நான் ஒரு விளக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். 'பல்லாண்டுப் பழக்கத்தின் காரணமாக எனது வலது கால் எனது சம்மதமின்றியே செயல்பட்டுவிடுகிறது. இனி அதனைக் கண்டிப்புடன் நடத்துவேன்' என்று தொடங்குகிறது. கண்டக்டர் அண்ணன் படித்துவிட்டு, "பழக்கம்னு சொல்லிட்டா எச்சரிக்கையோட விட்டுருவாங்க பாப்பா, இதுக்கு முந்தி எனக்கே விட்டிருக்காங்க" என்றார். அம்மா பேப்பரை வாங்கி மடித்து நீலச் சட்டையின் பையில் வைத்துக்கொண்டாள்.

சட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. டிரைவர் சட்டையை அம்மா தினமும் இஸ்திரி போடுகிறாள். காலரை மட்டும் மூன்று தடவை தேய்க்கிறாள்.

உன் போன கடிதத்தின் ஓரத்தில் உன் அறைத்தோழி எனக்கு இரண்டு வரி எழுதியிருந்தாளே, 'சபை ஆபீசில் பெரிய வேலை பார்க்கும் உங்கள் அம்மாவைப் பார்க்க ஆசை' என்று, அதை அம்மாவும் படித்தாள். கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்தாள். அதற்கு அடுத்த பக்கத்தில் நீ எழுதியிருந்ததைத்தான் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். தோழியை இந்த விடுமுறைக்கு அழைத்து வருகிறேன், டிக்கெட்டும் எடுத்துவிட்டேன், அம்மா ஓட்டும் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து வருவோம் என்று. நீ இதுவரை யாரையும் வீட்டுக்கு அழைத்து வந்ததில்லையே. மறுநாளே அம்மா முன்னறைச் சுவருக்குப் பாலாடை நிறத்தில் பெயிண்ட் வாங்கி வந்துவிட்டாள். பாதிச் சுவர் முடிந்திருக்கிறது. நீ போன விடுமுறையில் ஸ்டேஷன் ரோட்டில் வராமல் தபால் ஆபீஸ் பின்சந்து வழியாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுற்றி நடந்தாயே, அந்தக் கஷ்டமும் இனி இல்லை.

நன்றாகச் சாப்பிடு. வியாழக்கிழமை நடந்ததை உடனே எழுதுகிறேன்.

உன் வெற்றியையும் நம் வெற்றியையும் ஒன்றாக எதிர்பார்க்கும்,
தங்கை


வீட்டிலிருந்து,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

நீ முதலில் முடிவைத்தான் தேடுவாய் என்று தெரியும். ஆனாலும் வரிசையாகச் சொல்கிறேன். வரிசையாகச் சொன்னால்தான் சரியாகப் புரியும்.

சபைக் கூட்டம் மாடியில், தண்ணீர் வரி கட்டும் ஜன்னலுக்கு நேர் மேலே. யார் வேண்டுமானாலும் பின் பெஞ்சில் உட்காரலாம். எனக்கு அது பள்ளிக்கூடம் போலவே இருந்தது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் டொக் என்றது. சபைத் தலைவி பேசும்போதெல்லாம் சபை எழுத்தர் அதோடு சேர்ந்து தலையாட்டினார்.

எங்களுக்கு முன்னால் முடிதிருத்துபவரின் மனு வந்தது. கடைக்கு வெளியே நடைபாதையின் மேல் பெயர்ப்பலகை தொங்கவிட அனுமதி வேண்டும். யார் தலையிலும் இடிக்காதா என்று தலைவி கேட்டார். "நானே நின்னு பாத்துட்டேம்மா, என் தலைக்கு இடிக்கல" என்றார் அவர். அவர் உயரம் உனக்குத் தெரியுமே. பல் டாக்டர் சபையில் உறுப்பினர். அவர், "உங்க தலைக்கு மேசையே இடிக்காதேய்யா" என்று சொல்ல, தலைவிக்கே சிரிப்பு வந்துவிட்டது. பலகையை ஒரு முழம் உயர்த்தச் சொல்லி அனுமதி கொடுத்தார்கள். எல்லாரும் நல்ல மனநிலையில் இருக்கிறார்கள், நம் வேலை முடிந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பிறகு அம்மாவைக் கூப்பிட்டார்கள். எழுத்தர் புகாரை வாசித்தார், அந்தத் தேவையில்லாத வரியையும் விடாமல். அம்மா நீலச் சட்டையில் நேராக நின்றாள். தலைவி அவளை நல்லபடியாகத்தான் பார்த்தார். "இத்தனை வருஷம் லாரி ஓட்டின கால். பழக்கத்துல நின்னுபோச்சு, அப்படித்தானேம்மா?" என்று கேட்டார். அக்கா, நான் எழுதிக் கொடுத்த பதிலுக்கென்றே கேட்ட கேள்வி மாதிரி இருந்தது! அம்மாவின் கை பைக்குப் போனது. பேப்பரைத் தொட்டது. எடுக்காமல் திரும்பி வந்தது.

"முதல் வாரம் பழக்கம்தாம்மா. அதுக்கப்புறம் தெரிஞ்சேதான் நிறுத்தினேன். அங்கெல்லாம் ஆள் நிக்குது. நிக்கிறவங்களைப் பாத்துக்கிட்டே தாண்டிப்போக எனக்கு வரல" என்றாள்.

கண்டக்டர் அண்ணன் என் பக்கத்தில் தலையில் கைவைத்துக்கொண்டார்.

கண்ணாடிக் கடைக்காரர் எழுந்து, "அப்ப என் ரயில் போனா பரவாயில்லையா?" என்றார். "பரவாயில்லைன்னு யாரு சார் சொன்னா? நீங்க இறங்கி மூச்சிரைக்க ஓடினதைக் கண்ணாடியில பாத்தேன். அன்னிக்கு ராத்திரி சோறு இறங்கல. அது என் தப்புதான்" என்றாள் அம்மா. அவர் உட்கார்ந்துவிட்டார்.

பல் டாக்டர் விடவில்லை. "குப்பை லாரின்னா ஒரு இடம் முன்னப்பின்ன நிக்கலாம். இது பஸ்ஸும்மா, ஞாபகம் இருக்கட்டும்" என்றார். அம்மாவுக்குக் கோபம் வந்தால் குரல் இன்னும் மெதுவாகும், உனக்குத் தெரியும். "லாரியும் ஒரு நாள்கூட முன்னப்பின்ன நின்னதில்ல டாக்டர். உங்க வாசல்ல ஒரு நாள் நிக்காம போயிருந்தா மறுநாளே எனக்குச் சொல்லியிருப்பீங்க" என்றாள். பின் பெஞ்சில் யாரோ கை தட்டினார்கள். தலைவி அந்தப் பக்கம் முறைத்தார். தட்டியது நான் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அவர்கள் எங்களை வெளியே அனுப்பாமலே பேசி முடிவு செய்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. தலைவி சொன்னதை என்னால் முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன். அந்த முனைகளில் பஸ் நிற்க வேண்டியதுதான். ஆனால் அதற்கு முறை இருக்கிறது. ஒவ்வொரு முனையிலும் ஒரு மாதம் அறிவிப்பு ஒட்டி, ஆட்சேபம் கேட்டு, பிறகே அனுமதி. காலையில் பஸ் பத்து நிமிஷம் முன்னால் கிளம்பும். கண்ணாடிக் கடைக்காரர், "அப்படின்னா எங்க வேணா நிக்கட்டும்" என்றார். தலைவி தொடர்ந்தார்: ஆனால் பழக்கத்தில் நின்றதை மன்னிக்கலாம், தெரிந்தே விதியை மீறியதை மன்னிக்க முடியாது. அதனால் அந்த ஒரு மாதம் அம்மா லாரிக்குத் திரும்ப வேண்டும். பஸ்ஸுக்குப் பக்கத்து ஊர் டிரைவர் வருவார். மாதம் முடிந்ததும் பஸ் அம்மாவுக்கு, நிரந்தரமாக.

வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது எனக்கு அழுகையும் பெருமையும் சேர்ந்து வந்தது. நான் எழுதினதை வாசித்திருந்தால் இன்றைக்கே நிரந்தரமாகியிருக்குமே என்று கேட்டேன். "நல்லாத்தான்டி எழுதியிருந்த. ஆனா அதுல என் கால்தான் இருந்துச்சு, நான் இல்ல" என்றாள். நான் இதுவரை எழுதிய கட்டுரை எதற்கும் இவ்வளவு சரியான விமர்சனம் வந்ததில்லை.

இன்று காலை அம்மா பரண்மேலிருந்து ரப்பர் பூட்ஸையும் கையுறையையும் இறக்கிக் கழுவினாள். முகம் ஒன்றும் வாடவில்லை. பாட்டுக்கூட முணுமுணுத்தாள். தையல்காரம்மா வாசலில் நின்று, "மறுபடி நம்ம வண்டிக்கே வந்துட்டியாக்கும், இப்பவாவது என் வாளியை ஏத்துவியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நீலச் சட்டையை அம்மா பழைய சேலையில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறாள்.

சாயந்தரம் பாத்திரம் துலக்கும்போது, என் பக்கம் திரும்பாமலே, "அக்காவுக்கு எழுதும்போது அடுத்த மாசம் வரச் சொல்லு. அந்தப் பொண்ணையும் அப்பவே கூட்டிட்டு வரட்டும். நான் பஸ்ல இருக்கிறப்ப வந்தா அவளுக்கும் நல்லா இருக்கும்" என்றாள். ஏன் என்று கேட்டேன். "உனக்குப் புரியாது, சொன்னதை எழுது" என்றாள். பிறகு ஏற்கெனவே துலக்கிய பாத்திரத்தையே மறுபடி துலக்கினாள். சுவரில் மீதிப் பாதி பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று நான் சொன்னதற்கு, அவசரம் ஒன்றும் இல்லை என்றாள்.

அம்மா சொல்லச் சொன்னதை எழுதிவிட்டேன். இனிமேல் வருவது என் கடிதம்.

எனக்குப் புரியும், அக்கா. உனக்கும் புரியும். அதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. நீ வரும் ரயில் காலையில் ஸ்டேஷனுக்கு வரும்போது லாரி ஸ்டேஷன் ரோட்டில் குப்பை எடுத்துக்கொண்டிருக்கும். நான் பிளாட்பாரத்தில் நிற்பேன். லாரியில் வெளியாட்களை ஏற்றலாமா என்று எழுத்தரிடம் போய்க் கேட்டேன். குப்பையை முன்பக்கம் ஏற்றக் கூடாது என்றுதான் விதி இருக்கிறதாம். மனிதர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம். நெருக்கிக்கொண்டால் அம்மாவுக்குப் பக்கத்தில் மூன்று பேர் உட்காரலாம். உன் தோழி ஜன்னலோரம் உட்காரட்டும், ஊர் நன்றாகத் தெரியும். நீ அம்மாவை ஒட்டி உட்கார்.

மீதிச் சுவருக்கு நான் நாளைக்கே பெயிண்ட் அடித்துவிடுகிறேன். பரீட்சையை நன்றாக எழுது. டிக்கெட்டை மட்டும் மாற்றாதே, அக்கா.

காத்திருக்கும்,
தங்கை