புகைபோக்கிக்கும் லீவு

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் பாப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். உடம்பைப் பற்றி மட்டும்தான் சொன்னேன், மனசைப் பற்றிச் சொல்லவில்லை.

இன்று புதன்கிழமை. ஆலைக்கு லீவு. சம்பளத்தோடு ஒரு நாள் லீவு என்று நேற்று மாலை வாசலில் ஒட்டினார்கள். நடுவாரத்தில் இப்படி ஒரு லீவு நம் சாய ஆலையில் இதுவரை விட்டதே இல்லை. குடியிருப்புக்கே தலைகால் புரியவில்லை. பாதிப் பிள்ளைகளுக்குக் காலையிலேயே வயிற்றுவலி வந்து பள்ளிக்கூடம் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் அத்தனை வயிற்றுவலியும் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

மடிப்புப் பிரிவுப் பெண்கள் மரத்தடியில் அண்டா வைத்துச் சமைத்தார்கள். கல்யாணம் ஆனவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் கிரிக்கெட். ஃபிட்டர் குண்டூசியை உனக்குத் தெரியுமே, முதல் பந்திலேயே அவுட். அது பந்தே இல்லை என்று வக்கீல் மாதிரி வாதாடி மறுபடி ஆடினான், மறுபடியும் அவுட். உன் அண்ணி நாற்காலிப் போட்டியில் இரண்டு பேரை இடித்துத் தள்ளிவிட்டு ஜெயித்தாள். பரிசு ஒரு பிளாஸ்டிக் வாளி. கொழுந்தனார் ரூமுக்கு ஆச்சு என்று அதைக் கொண்டுபோய்ப் பின்னறையில் வைத்திருக்கிறாள்.

பந்து பொறுக்கப் போன பாப்பா திரும்பி வந்து, அப்பா, ஏன் இன்னிக்குப் புகையே வரல என்று புகைபோக்கியைக் காட்டினாள். பாய்லர்காரன் நான்தானே, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். புகைபோக்கிக்கும் இன்னிக்கு லீவுடா கண்ணு என்றேன். மைதானமே சிரித்தது. சாயங்காலம் வரை ஆளுக்கு ஆள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாவி நான் அப்படியா சிரிக்க வைத்திருக்க வேண்டும்!

வாரலீவில்கூட பாய்லர் அடுப்பை அணைக்க மாட்டோம், உனக்குத் தெரியும். கரியைச் சாம்பலால் மூடிக் கனலவிட்டு வைப்போம். கொஞ்சமாவது புகை வந்துகொண்டிருக்கும். நேற்று மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அடுப்பை முழுசா அணைச்சிட்டு பாய்லர் தண்ணியையும் எறக்கிடுங்க என்றார். ஒரு நாள் லீவுக்கு எதுக்கு சார் தண்ணிய எறக்கணும் என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வெளிய பேசாதீங்க, நாளைக்கு ஒரு நாளாவது சந்தோஷமா இருக்கட்டும் என்றார். அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது? ஆலையை மூடிவிட்டார்கள், தம்பி. அணைத்தது என் கை.

எனக்கு இன்று மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. பந்தியில் உட்கார்ந்திருந்தபோது குண்டூசி எழுந்து, மாசம் ஒரு தடவை இப்படி லீவு விட்டா நம்ம ஆயுசே கூடிடும் என்றான். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அவன் பெண்ணுக்கு அடுத்த மாதம் கல்யாணம். சொல்லலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். இரண்டு தடவையும் என் இலையில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்துவிட்டுப் போனார்கள்.

இப்போது விளக்கு வைக்கும் நேரம். வெளியே பெஞ்சுகளை எடுத்து அடுக்கும் சத்தம் கேட்கிறது. காலையில் ஆலைச் சங்குக்கு எழுந்துவிடலாம் என்று எல்லோரும் நிம்மதியாகப் படுக்கப் போவார்கள். நீராவி இல்லாமல் சங்கு எப்படி ஊதும்? நாளைக்கு யாரும் இவர்களை எழுப்பப் போவதில்லை.

உன் அண்ணி சொல்லச் சொன்னதை எழுதிவிடுகிறேன். பின்னறைக்கு வெள்ளை அடித்தாயிற்று, புது பல்பு போட்டாயிற்று. அடுத்த மாதம் வரை காத்திருக்காமல் முன்னாலேயே வரச் சொல்கிறாள். ஆலையில் உனக்கு வேலை கேட்டு வைத்திருப்பதாக நானும் போன கடிதத்தில் எழுதினேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டது. இத்தனை வருஷம் வா வா என்று எழுதிய கைதான் இதையும் எழுதுகிறது. வராதே. அங்கே நீ பார்க்கும் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்திருந்தால், முதலாளி காலில் விழுந்தாவது திரும்ப வாங்கிக்கொள். இதில் ரோஷம் பார்க்காதே.

நேரத்துக்குச் சாப்பிடு. நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருப்பாய், அது என் வாக்கு.

இன்னும் ஒன்று. அங்கே பாய்லர் வைத்த ஆலை ஏதாவது இருந்தால், ஆள் தேவையா என்று விசாரித்து வை. யாருக்கு என்று கேட்டால் அண்ணனுக்கு என்று சொல்லாதே. தெரிந்தவர் ஒருவருக்கு என்று சொல்.

இப்படிக்கு,
உன் நலமே வேண்டும்
அண்ணன்