இரண்டாம் ஆண்டு, மாலைநேரப் பிரிவு

பிப்ரவரி 10, திங்கள்

ஆசிரியர் பேரவைக் கூட்டம். தேர்வு அறைக்குள் கைக்கடிகாரம் கட்டி வரலாமா கூடாதா என்பதிலேயே மத்தியானம் போய்விட்டது. கடைசியில் வழக்கம்போல ஒரு உபகுழு. என்னைப் பேரவைத் தலைவராகத் தேர்ந்தெடுத்த அன்று எல்லாரும் கை தட்டினார்கள். வாழ்த்து என்று நினைத்தேன். தப்பித்த சந்தோஷம் என்று இப்போதுதான் புரிகிறது.

சராசரி மனிதன் என்று ஒருவன் உலகத்தில் கிடையாது என்று புள்ளியியல் வகுப்பில் வருஷா வருஷம் சொல்கிறேன். இருக்கிறான். பேரவையில் பின்வரிசையில் தூங்குகிறான்.

வீட்டில் யாரும் இல்லை. மனைவி வகுப்புக்குப் போயிருந்தாள். சோற்றைச் சூடு பண்ணிச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 13, வியாழன்

பதிவாளர் கூப்பிட்டனுப்பினார். நாற்காலி, தேநீர், குடும்ப நலம் விசாரிப்பு — இவ்வளவு உபசாரம் என்றால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். இருந்தது. மாலைநேரப் பிரிவை மூடப் போகிறார்கள். வேலைக்குப் போகிறவர்கள் சாயங்காலம் வந்து பட்டம் படிக்கிறார்களே, அந்தப் பிரிவு. இருட்டிய பிறகு பாடம் நடத்த ஆசிரியர்கள் வருவதில்லையாம். அந்தக் கட்டடம் புது ஆய்வு மையத்துக்கு வேண்டுமாம்.

"பேரவை சரின்னு சொல்லிட்டா ஆட்சிக் குழுவுல ஒரு பிரச்சினையும் வராது சார்."

"படிச்சிட்டிருக்கறவங்க?"

"தபால் வழிக் கல்விக்கு மாத்திக்கலாம். இல்லேன்னா பகல்ல வரட்டும்."

பகலில் வர முடிந்தால் அவர்கள் ஏன் சாயங்காலம் வருகிறார்கள்? கேட்கவில்லை. வேறொன்றையும் சொல்லவில்லை. என் மனைவி அந்தப் பிரிவில்தான் உளவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள்.

கல்யாணத்தோடு நின்றுபோன படிப்பு. பகலெல்லாம் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. மகள் வேலை கிடைத்து வெளியூர் போன பிறகு, என்னிடம்கூடக் கேட்காமல் விண்ணப்பம் போட்டாள். இடம் கிடைத்த பிறகுதான் சொன்னாள், ஒரு நிபந்தனையோடு: "அங்க நான் யாரோட வீட்டம்மாவும் இல்ல. யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது." அவளுடைய வகுப்பில் யாருக்கும் தெரியாது. என் சகாக்களில் வேதியியல் மேடம் ஒருவருக்கு மட்டும் தெரியும்.

பிப்ரவரி 19, புதன்

வேதியியல் மேடம் ஓய்வறையில் என்னை ஒரு மூலைக்குத் தள்ளிக்கொண்டு போய்ப் பேசினார். மாலைநேரப் பிரிவை எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்று அலைகிறவர்.

"எல்லார்கிட்டயும் பேசிட்டேன். ரெண்டு பக்கமும் சமமா நிக்குது. உங்க ஓட்டுதான் கணக்கு."

பேரவைத் தலைவர் சாதாரணமாக வாக்களிப்பதில்லை. சமமாக வந்தால் மட்டும் அவர் வாக்கு முடிவு செய்யும்.

"என் மனைவி அங்க படிக்கறாங்க, மேடம்."

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வாயை மட்டும் திறக்காதீங்க."

குடும்பத்துக்குச் சம்பந்தமுள்ள விஷயம் வந்தால் உறுப்பினர் அதைச் சபையில் சொல்லிவிட்டு விலக வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. முன்பு ஒருவர் தன் மைத்துனருக்கு வேலை போட்டுக்கொடுத்த கூத்துக்குப் பிறகு கொண்டுவந்தது. கொண்டுவந்தவன் நான். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள்.

பிப்ரவரி 24, திங்கள்

அவளிடம் சொல்ல வேண்டும். இன்று பரிசோதனைக் குழாய்கள் உடைந்துபோன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். சொல்லவில்லை.

பிப்ரவரி 26, புதன்

விலகிவிட்டேன்.

அந்த விஷயம் வந்ததும் எழுந்தேன். என் மனைவி மாலைநேரப் பிரிவு மாணவி, அதனால் இதில் நான் தலைமை தாங்குவது முறையில்லை என்றேன். பின்வரிசைகூட விழித்துக்கொண்டது. வேதியியல் மேடம் கண்ணை மூடிக்கொண்டார். துணைத்தலைவர் என் நாற்காலிக்கு வந்தார். வணிகவியல்காரர். எதற்கெடுத்தாலும் "நான் நடுநிலை" என்பதால் அவருக்குப் பெயரே நடுநிலை என்று ஆகிவிட்டது.

வெளியே நடைபாதையில் நின்றேன். கதவு வழியாகக் குரல்தான் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. பிறகு வேதியியல் மேடம் வந்தார்.

"சமமா வந்தது. நான் சொன்ன மாதிரியே."

"நடுநிலை?"

"மூடலாம்னு போட்டாரு. 'நிர்வாகத்தோட சிரமத்தையும் பாக்கணுமே'ன்னாரு." கொஞ்ச தூரம் போய்த் திரும்பினார். "நல்லவரா இருந்துட்டீங்க. சந்தோஷமா?"

சந்தோஷம் இல்லை. வெட்கமும் இல்லை. கால் வலித்தது, அவ்வளவுதான்.

பிப்ரவரி 27, வியாழன்

நேற்று அவள் வகுப்பிலிருந்து வந்தபோதே தெரிந்துவிட்டது, அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று. செருப்பைக் கழற்றாமல் நின்றாள்.

"எல்லாரும் என்னையே பாக்கறாங்க. 'உங்க வீட்டுக்காரர்தான் தலைவராமே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நின்னிருக்குமே'ங்கறாங்க. நான் என்னன்னு சொல்றது? எனக்கே அங்க வெச்சுத்தான் தெரியுது."

விதியைச் சொன்னேன். நான் ஓட்டுப் போட்டிருந்தால் நாளைக்கே யாராவது கண்டுபிடித்து முடிவையே செல்லாததாக்கியிருப்பார்கள் என்றேன். உண்மைதான் அது. உண்மையைச் சொல்லும்போது எதற்குக் குரல் உயர்கிறது?

"விலகினது தப்புன்னு நான் சொல்லலையே. ரத்தம் எடுக்கறப்பவே நான் ஆளுகிட்ட முன்னாடி சொல்லிட்டுத்தான் குத்துவேன். பதினஞ்சு நாளா மனசுல வெச்சிருந்திருக்கீங்க. என் பேரை நூறு பேர் நடுவுல சொல்றதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா?"

தோன்றியது. தினமும் தோன்றியது. சோர்வாக இருந்தது என்று சொன்னால் அது ஒரு பதிலா?

அவள் போய்ப் படுத்துவிட்டாள். நான் நின்றுகொண்டே இருந்தேன், விலக்கப்பட்டவன் மாதிரி.

மார்ச் 3, திங்கள்

பேச்சு வார்த்தை இல்லை. சாப்பாடு மட்டும் இருக்கிறது. மகள் போனில் "அப்பா, அம்மா குரல் ஏன் இப்படி இருக்கு?" என்றாள். தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். "உங்க குரலும்தான்" என்றாள்.

மார்ச் 11, செவ்வாய்

பேரவை முடிவு வெறும் பரிந்துரைதான். கடைசி வார்த்தை ஆட்சிக் குழுவுடையது. மாணவர் தரப்பில் ஒருவர் வந்து பேசலாம் என்று விதி இருக்கிறது. மாலைநேரப் பிரிவு ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியிருக்கிறது.

இவளை.

பேர் பட்டியலில் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. வீட்டில் கேட்டேன்.

"நான் நிக்கலேன்னுதான் சொன்னேன். பஸ் ஓட்டற அண்ணன் ஒருத்தர், 'தலைவர் வீட்டம்மான்னுதானே சந்தேகப்பட்டோம், அவங்களே போய்ப் பேசட்டும், தெரிஞ்சிடும்'னாரு. ரோஷம் வந்துடுச்சு. சரின்னுட்டேன்."

பதினான்கு நாளில் அவள் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு இது.

மார்ச் 20, வியாழன்

சாப்பாட்டு மேஜையில் காகிதங்களைப் பரப்பி எழுதுகிறாள், அடிக்கிறாள், எழுதுகிறாள். ஆட்சிக் குழுவில் யார் எதற்கு மசிவார்கள் என்று எனக்கு அத்துபடி. "வேணும்னா நான் ஒரு தடவை பாக்கட்டுமா?" என்றேன்.

"நீங்க சம்பந்தப்பட்டவரு. விலகி இருங்க."

சிரிக்காமல்தான் சொன்னாள். ஆனால் தேநீரில் எனக்கும் ஒரு டம்ளர் வைத்தாள்.

ஏப்ரல் 2, புதன்

பேரவைத் தலைவன் என்கிற முறையில் நானும் ஆட்சிக் குழு உறுப்பினன். இங்கேயும் விலகினேன். வெளியே ஒரு நீள பெஞ்சு. ஒரு முனையில் நான். மறு முனையில், உள்ளே கூப்பிடக் காத்துக்கொண்டு, அவள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தாள். கையில் மருந்து வாசனை.

"தண்ணி வேணுமா?" என்றேன்.

"இருக்கு." பிறகு, என்னைப் பார்க்காமல், "கை நடுங்குது. ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு ஊசி குத்தறேன், இந்தக் கை நடுங்கினதே இல்ல."

கதவு திறந்தது. எழுந்து போனாள். புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு, திரும்பிப் பார்க்காமல்.

வெகுநேரம் கழித்து வந்தாள். வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாகப் போய்விட்டாள். பிரிவு இருக்கிறவரைக்கும் வகுப்பு வகுப்புதான்.

ஏப்ரல் 3, வியாழன்

முடிவு வந்துவிட்டது. புதுச் சேர்க்கை இல்லை. ஆனால் இப்போது படிக்கிறவர்கள் முடிக்கிறவரை வகுப்பு சாயங்காலமே நடக்கும், அதே கட்டடத்தில். ஆய்வு மையம் காத்திருக்கட்டும்.

பதிவாளர் நடைபாதையில் பிடித்துக்கொண்டார். "உங்க வீட்டம்மா அழுவாங்கன்னு நெனச்சோம் சார். அழல. 'நீங்க கொடுத்த அனுமதிச் சீட்டை வெச்சுத்தான் எங்க ஷிப்டையே மாத்திக்கிட்டோம். பஸ் ஓட்டறவரு வழியில வண்டிய நிறுத்திட்டு, மீதி தூரத்தைத் தபால்ல போங்கன்னு பயணிகள்கிட்ட சொல்ல முடியுமா'ன்னு கேட்டாங்க. துணைவேந்தரே சிரிச்சுட்டாரு. அதுக்கப்புறம் யாரு என்ன பேச?"

வீட்டில் பாராட்டினேன். அவள் கண் கலங்கியது அப்போதுதான்.

"என்னத்த ஜெயிச்சோம்? கதவை எங்களுக்குப் பின்னாடி சாத்தறாங்க. எங்க லேபுல ஒரு பொண்ணு அடுத்த வருஷம் சேரணும்னு இருந்தா. அவ முகத்துல நாளைக்கு எப்படி முழிப்பேன்?"

பக்கத்தில் உட்கார்ந்தேன். "உன்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றேன். வேறு விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

"ஆமா, சொல்லியிருக்கணும்" என்றாள். விலகி உட்காரவில்லை.

ஏப்ரல் 9, புதன்

ஆட்சிக் குழு ஒரு கொக்கி போட்டிருக்கிறது: சாயங்கால வகுப்புக்கு ஆசிரியர்களைப் பேரவைதான் கண்டுபிடித்துத் தர வேண்டும். யாரும் முன்வராவிட்டால் தானாக மூடிக்கொள்ளும்.

கூட்டத்தில் கேட்டேன். கொட்டாவி. ஒருவருக்கு முதுகு வலி, ஒருவருக்குப் பேத்தி, ஒருவருக்கு இருட்டில் கண் தெரியாது. பிரிவைக் காப்பாற்ற ஓட்டுப் போட்டவர்களும்தான். நடுநிலை, "கொள்கையளவில் நான் எதிரி இல்லை" என்றார். வேதியியல் மேடம் மட்டும் ஏதாவது ஒரு பாடம் எடுப்பதாகச் சொன்னார்.

இப்போது முதலாம் ஆண்டில் இருப்பவர்களுக்கு இரண்டாம் ஆண்டில் ஒரு புள்ளியியல் பாடம் இருக்கிறது. அதை நான் எடுக்கிறேன் என்று சொன்னேன். பகலில் பாடம், சாயங்காலம் பாடம், நடுவில் தலைமை — முடியாது. தலைமையை விட்டுவிட்டேன். அவள் அந்தப் பாடத்தை இந்த வருஷமே முடித்துவிடுவாள். எந்த விதியும் இடிக்காது. பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

பிறகு இயற்பியல்காரர், பின்வரிசை, எழுந்தார். "வாரத்துல ஒரு நாள்னா நானும் வரேன்." அவருக்குப் பின் இரண்டு மூன்று பேர், கடனே என்று. கடனே என்றாலும் வரட்டும்.

நடுநிலைதான் இனி தலைவர். கை தட்டினார்கள். நானும் நன்றாகத் தட்டினேன்.

ஜூன் 16, திங்கள்

அவளுக்குத் தேர்வு. நான் சமைத்தேன். உப்பு இல்லை என்றாள், ஆனால் எல்லாவற்றையும் சாப்பிட்டாள்.

ஜூலை 8, செவ்வாய்

முதல் சாயங்கால வகுப்பு. நாள் பூராவும் நின்ற கால், திரும்பவும் நின்றது. எதிரே இருந்தவர்களும் அப்படித்தான் — சீருடையோடு ஒருவர், கையில் பெயிண்ட் காயாமல் ஒருவர், குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு அடிக்கடி போனைப் பார்க்கிற ஒரு பெண். இவ்வளவு களைத்த வகுப்பை நான் பார்த்ததில்லை. ஒருவர்கூடத் தூங்கவில்லை.

"எங்களுக்கப்புறம் யாரும் கிடையாதாமே சார்?" என்றார் சீருடைக்காரர்.

"இப்போதைக்கு இல்ல."

"அப்ப நாங்க பெயிலானா?"

"ஆகாதீங்க. எனக்கும் வேற வழி இல்ல."

சிரித்தார்கள். பலகையில் எழுதத் தொடங்கினேன்.

முடிந்ததும் வாசலில் நின்றேன். இரண்டாம் ஆண்டு — இல்லை, இனி மூன்றாம் ஆண்டு — கூட்டமாக இறங்கி வந்தது, எதையோ சத்தமாக விவாதித்துக்கொண்டு. நடுவில் அவள். என்னைக் கண்டால் வழக்கம்போல வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள் என்று நானே ஓரமாக நகர்ந்தேன்.

நேராக என்னிடம் வந்தாள். பின்னால் அவள் கூட்டமும்.

"இவரு என் வீட்டுக்காரர்" என்றாள் அவர்களிடம். "இங்கதான் புதுசா சேர்ந்திருக்காரு. இரண்டாம் ஆண்டுக்குப் புள்ளியியல் எடுக்கறாரு."

"அப்படியா சார்?" என்றார் பஸ் ஓட்டுகிறவர், கையை நீட்டி. "ஆரம்பத்துல கஷ்டமாத்தான் இருக்கும். போகப் போகப் பழகிடும்."