நாலாவது கட்டம்

ஆடி 3, திங்கள்
பேய்க் காத்து. மடவார் வளாகம் ஸ்டாப்புல காலேஜ் பஸ் ஏறுறதுக்குள்ள தலைமுடி (இருக்கிற பத்தும்) கலைஞ்சாச்சு.

காலேஜ் சர்வமத அறையக் கூட்டி, பாய் உதறி, விளக்குக்கு எண்ணெய். மெழுகுவர்த்தி ரெண்டு பாக்கெட். கைகால் கழுவ வாளித் தண்ணி. நான் பூசாரி இல்ல, பாதிரியார் இல்ல, அசரத்தும் இல்ல. பத்தாவது பாஸ். பட்டாளத்துல எங்க யூனிட்டுக்கு எல்லாச் சாமிக்கும் ஒரே ரூம். அதைக் கூட்டினவன்ங்கிற தகுதியில இந்த வேலை.

மத்தியானம் நிர்வாக அதிகாரி (இனிமே நி.அ.) புது ரிஜிஸ்டர் தந்தார். நாலு கட்டம்: பேரு, துறை, நேரம், மதம்.

"மதம் எதுக்கு சார்?"

"நீங்க எழுதுங்க. யோசிக்கிறத நாங்க பாத்துக்கிடுதோம்."

தலையாட்டிட்டேன். சல்யூட் ஒண்ணுதான் பாக்கி.

செவ்வாய்
தினம் ரெண்டு மணிக்கு வர்ற பிள்ளை. அப்பா தவறி மூணு மாசம். நெத்தியில குங்குமம், கையில மெழுகுவர்த்தி. ஏத்திவச்சு அழுதுட்டுப் போவா. இன்னைக்கு ரிஜிஸ்டரப் பாத்தா.

"அங்கிள், இது எங்க வீட்டுக்குப் போகுமா?"

"தெரியலம்மா."

கழட்டின செருப்ப மறுபடி மாட்டிக்கிட்டுப் போயிட்டா. நான் பேனா மூடியக் கடிச்சுக்கிட்டு நின்னேன். பெரிய வீரன்.

புதன்
அவ வரல. மொத்தமே மூணு பேரு. திரும்புறப்ப பால்கோவா வாங்கினேன். சக்கரை ஏறும்னு மக செல்விகிட்ட திட்டு. விஷயத்தச் சொன்னேன். யாரு மதத்தையும் எழுதப்போறதில்லன்னும் சொன்னேன்.

"அடுத்த மாசம் உங்க ஒப்பந்தம் முடியுதுப்பா. நீட்டிக்க மாட்டாக."

"பாய் உதற வேற ஆள் தேடட்டும்ட்டி."

பட்டாளத்து ரூமுக்கு ரெண்டே சட்டம். வாசல்ல பூட்ஸ் கழட்டணும். உள்ள யாரையும் யாருன்னு கேக்கக்கூடாது. சுபேதார் மேஜரே ஓட்டை சாக்ஸோட உக்காந்திருப்பார்.

வியாழன்
எழுத ஆரம்பிச்சாச்சு.
பேரு: நீல ஹவாய் செருப்பு. துறை: வார் அறுந்து ஊக்கு குத்தினது. நேரம்: 10.20. மதம்: கேக்கல.
பேரு: வெள்ளை ஷூ. துறை: சேறு. நேரம்: 11. மதம்: கேக்கல.

பசங்க ஒரே சிரிப்பு. போட்டோ எடுத்து ஹாஸ்டல் பூரா அனுப்பிட்டாங்க. சாயந்திரம் வரைக்கும் பதினாலு ஜோடி. குனிஞ்சு குனிஞ்சு பாத்து இடுப்பு வலி.

வெள்ளி
ஜும்மா முடிஞ்சு பாய் மடிக்கையில அந்தப் பிள்ளை வாசல்ல.

"என் செருப்ப எப்படி எழுதுவீங்க அங்கிள்?"

"பச்சை, பூப்போட்டது."

சிரிச்சா. பொறவு மெழுகுவர்த்தி. பொறவு வழக்கம்போல அழுகை. நல்லது.

அந்நேரம் பாத்து நி.அ., ஷூவோட படியில.

"எங்கய்யா அந்த ரிஜிஸ்டர்?"

"ஷூவக் கழட்டிட்டு வாங்க சார்."

"நான் சாமி கும்பிட வரல."

"பாதிப் பேரு அதுக்கு வர்றதில்ல சார்."

முறைச்சார். கழட்டினார். சாக்ஸ்ல பெருவிரல் எட்டிப் பாத்துச்சு. ரிஜிஸ்டரப் பொரட்டப் பொரட்ட முகம் செவந்து போச்சு.

"திங்கக்கிழமைக்குள்ள ஒழுங்கா எழுதணும். இல்லன்னா சாவியக் குடுத்துட்டுப் போயிருங்க."

"சாவி அரைஞாண் கயித்துல கெடக்கு சார். வந்து அவுத்துக்கிடுங்க."

பிள்ளை திரும்பிப் பாத்தா. அவர் கிளம்பிட்டார். லேஸ் கூடக் கட்டல.

கடியாரம் பாத்து எழுதினேன்.
பேரு: கறுப்பு ஷூ. துறை: நிர்வாகம். நேரம்: 2.25. மதம்: கேக்கல.