மலையைப் பார்க்கத்தான் வருகிறோம்

பேகம்பூர்,
திண்டுக்கல்.

அன்பு மகள் அஃப்சானாவுக்கு உன் அத்தா முகமது பாரூக் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கருணையால் நானும் உன் அம்மாவும், வடமதுரையில் உன் தங்கை ஷாஹினாவும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கிறோம். அங்கே நார்வேயில், பெர்கனில் நீ மழையில் நனையாமல், வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைக் கவனித்துக்கொண்டு இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆச் செய்கிறேன். முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன், அடக்க முடியவில்லை. விசா வந்துவிட்டது. எனக்கும் வந்துவிட்டது, உன் அம்மாவுக்கும் வந்துவிட்டது. பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கிய அன்று அந்த ஸ்டிக்கரை நம் அரிசிக் கடையில் வந்தவன் போனவனுக்கெல்லாம் காட்டினேன். அஞ்சு கிலோ சீரகச் சம்பா வாங்க வந்தவர்கூடப் பார்த்துவிட்டுத்தான் போனார். ரஃபீக் சின்னத்தா என்னைப் பார்த்து, அண்ணே இப்புடியே காட்டிக்கிட்டு இருந்தா நார்வே போறதுக்குள்ள அது தேஞ்சு போகும் என்கிறான்.

போன் இருக்கும்போது அத்தா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். வீட்டில் உன்னோடு போனில் பேசினால் உன் அம்மா பக்கத்து அறையில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள், கடையில் பேசினால் ரஃபீக் நிற்கிறான். இதில் எழுதப் போவது இரண்டு பேர் காதிலும் விழ வேண்டாம். ஷாஹினாவின் நிக்காஹ் முடிந்து இரண்டு வருஷம் ஆகிறது. நீ அந்த நேரம் ஆராய்ச்சிக் கப்பலில் நடுக்கடலில் இருந்தாய், இறங்க முடியவில்லை, எனக்குப் புரிந்தது, ஷாஹினா மறுநாளே மறந்துவிட்டாள். உன் அம்மா மட்டும் மறக்கவில்லை. மூத்த மக இல்லாம இளையவளுக்கு நிக்காஹ் நடத்துன ஒரே ஆளு நாந்தான் என்று அன்றைக்குச் சொன்னதோடு உன்னோடு பேச்சை நிறுத்தியவள் இன்றுவரை நிறுத்தியபடிதான் இருக்கிறாள். நீ கூப்பிடும்போது நான் போனை நீட்டினால் அடுப்படிக்குள் போய்விடுகிறாள், ஆனால் நான் போனை வைத்ததும் வந்து, அவ சாப்டாளாமா, குளிருக்கு என்ன போட்டுருக்காளாம் என்று என்னிடம் விசாரிக்கிறாள். நான் நடுவில் கிடந்து தபால்காரன் வேலை பார்க்கிறேன். இந்தப் பயணத்தில் எனக்கு இருக்கும் ஒரே ஆசை, அந்த ஊரிலாவது அவள் உன்னோடு வாய் திறந்து பேச வேண்டும் என்பதுதான். மலை, அருவி, கப்பல் எல்லாம் அதற்குப் பிறகு.

அவள் எப்படிச் சம்மதித்தாள் என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாயே, அதைச் சொல்கிறேன். ஒரு நாள் என் போனில் உங்கள் நார்வேயின் அந்த ஃப்ளாம் மலை ரயில் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மலை இடுக்கில் வளைந்து வளைந்து இறங்குகிறது, நடுவில் ஒரு அருவி பக்கத்தில் ரயிலை நிறுத்திவிடுகிறார்கள், ஆட்கள் இறங்கிப் பார்த்துவிட்டு மறுபடி ஏறிக்கொள்கிறார்கள். அருவி பார்க்க ரயிலை நிறுத்துகிற ஊர் உலகத்தில் உண்டா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். உன் அம்மா ஈரக் கையோடு வந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். செத்த நேரம் பார்த்துவிட்டு, நம்ம கொடைக்கானலு வெள்ளி அருவி மாதிரி பத்து இருக்கும் போலயே என்றாள். அந்த வாய் வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன், விடவில்லை. போவமா என்றேன். அவள் யோசித்துவிட்டு, போறதுன்னா மலையப் பாக்கத்தான் வருவேன், யாரையும் பாக்கறதுக்கு இல்ல, அதை இப்பவே சொல்லிட்டேன் என்றாள். சரி, மலையைத்தான் பார்க்கப் போகிறோம் என்று நானும் தலையாட்டிவிட்டேன். இன்னொன்றும் சொன்னாள், எந்தக் கடலு நம்ம பிள்ளைய நிக்காஹ்வுக்கு விடலையோ அந்தக் கடலையும் ஒரு தடவ பாத்துட்டு வந்துருவோம் என்று. அதில் கோபம் எவ்வளவு, பிள்ளைப் பாசம் எவ்வளவு என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நீ அனுப்புவதாகச் சொன்ன அழைப்புக் கடிதத்தை ஏன் வேண்டாம் என்றேன் என்று இப்போது உனக்கு விளங்கியிருக்கும். அவ கூப்புட்டு நான் வந்ததா இருக்கக் கூடாது என்று ஒரே பிடிவாதம். அதனால்தான் வங்கிக் கணக்கையும் லாட்ஜ் பதிவையும் காட்டிச் சுற்றுலா விசாவே எடுத்தோம். பெர்கனில் உன் வீட்டுக்கு வருவதாகவும் இல்லை, இரண்டு ராத்திரி லாட்ஜில் தங்கிவிட்டு அப்படியே சுற்றுலாக் கப்பல் ஏறிவிட வேண்டும், நீ விருப்பப்பட்டால் லாட்ஜ் வாசலில் வந்து அத்தாவைப் பார்த்துக்கொள்ளலாம். இது உன் அம்மா போட்ட நிபந்தனை. நீ மனசு சங்கடப்படுவாய் என்றுதான் போனில் சொல்லாமல் மழுப்பினேன்.

இங்கே ஒரு டிராவல்ஸ்காரரிடம் முதலில் கேட்டுப் பார்த்தேன். ஒரே மூச்சில் ஐந்து தேசம், தினமும் தயிர் சோறு, நாற்பது பேர் ஒரு பஸ்ஸில், காலை எழுந்ததும் விசில் ஊதுவோம் என்றார். ஐயா எனக்கு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வெளியே பார்க்க வேண்டும், விசிலுக்கு எழுந்திருக்க நான் பள்ளிக்கூடப் பிள்ளையா என்று கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். நீ சொல்லிக்கொடுத்தபடி ரயில் டிக்கெட்டெல்லாம் போனிலேயே போட்டுவிட்டேன். மதுரையில் விமானம் ஏறி, துபாயில் மாறி, ஓஸ்லோவில் ஒரு ராத்திரி. காலையில் பெர்கன் ரயிலில் ஏறி மலை உச்சி வழியாக மிர்தால் வரை, அங்கே மாறி ஃப்ளாம் ரயிலில் கீழே இறங்குகிறோம். ஃப்ளாமில் தங்கிவிட்டு, மறுநாள் படகில், மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து கிடக்கிற அந்த ஒடுக்கமான ஃபியோர்டு வழியாகப் போய், அப்புறம் பஸ், அப்புறம் ரயில், சாயங்காலம் பெர்கன். ரயிலில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் நல்லது என்று வேறு படித்து வைத்திருக்கிறேன். மிர்தாலில் ரயில் மாற நேரம் குறைவு, பெட்டியை நான் தூக்குகிறேன், நீ பையை மட்டும் பிடித்துக்கொள் என்று உன் அம்மாவுக்குச் சொல்லி வைத்தால், பையில என்ன இருக்குன்னு தெரிஞ்சா பேசுவீங்களா என்கிறாள். உள்ளே பார்த்தேன், கருவாட்டுப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் நம் வீட்டு பிரியாணி மசாலாவும். மலையைப் பார்க்கப் போகிறவளுக்கு இவ்வளவு மசாலா எதற்கு என்று நான் கேட்கவில்லை, நீயும் கேட்காதே.

கப்பலை நினைத்தால் எனக்கே தூக்கம் வரவில்லை அஃப்சானா. பெர்கனில் ஏறி வடக்கே கெய்ராங்கர் ஃபியோர்டு வரைக்கும் போய்த் திரும்புகிறது. இரண்டு பக்கமும் மலை நெட்டுக்குத்தாக நிற்க, நடுவில் தண்ணீரில் ஏழு மாடிக் கட்டடம் மாதிரி அந்தக் கப்பல் போவதை வீடியோவில் எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. உன் அம்மாவுக்கு அலை ஒத்துக்கொள்ளுமா என்று சோதித்துப் பார்க்கப் போன மாதம் கொடைக்கானல் ஏரியில் படகில் ஏற்றினேன். அவள் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தாள், எனக்குத்தான் தலை சுற்றி, பெடலை மிதிக்க முடியாமல் படகுக்காரர் வந்து இழுத்துக்கொண்டு போனார். அவளுக்கு இருக்கும் கவலை தொழுகை மட்டும்தான். நாங்கள் வருகிற மாதம் அங்கே பொழுது சாய ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆகுமாம் என்றதும், அப்ப மஃரிபு எப்ப, இஷா எப்ப, நாங்க படுக்கறது எப்ப என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஆளை அனுப்பிக் கேட்டாள். கப்பல் வளைந்து வளைந்து போகுமே, தொழ நிற்கிற கிப்லா எந்தப் பக்கம் என்று அடுத்த கேள்வி. ஹஜ்ரத் சிரித்துக்கொண்டே, பயணத்துல அல்லாஹ் லேசாக்கித்தான் வச்சிருக்கான், அம்மாவ மனசக் குழப்பாம போயிட்டு வரச் சொல்லுங்க என்று சொல்லி அனுப்பினார்.

இனிதான் நான் செய்த கூத்து. பனி உருகி அருவியெல்லாம் நிறைந்து ஓடுகிற நேரம் மே மாதக் கடைசி என்று படித்தேன், அப்படியே நாள் குறித்து விமான டிக்கெட், ரயில், கப்பல் எல்லாம் போட்டுவிட்டேன். பணத்தைத் திருப்பித் தர மாட்டார்கள் என்கிற மலிவு டிக்கெட்தான் எல்லாம். போன வாரம் அடுத்த தெரு கமர்ஜஹான் நம் வீட்டுக்கு வந்து உன் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், பாய், பக்ரீத்துக்கு எங்களுக்கு இருபத்தஞ்சு கிலோ சம்பா எடுத்து வச்சிருங்க, போன வருசம் கடைசி நேரத்துல இல்லைன்னுட்டீங்க என்றாள். அதுக்கென்ன, வச்சிருவோம், எப்ப வருது பெருநாளு என்று கேட்டேன். அவள் தேதியைச் சொன்னாள். போனை எடுத்து டிக்கெட்டைப் பார்த்தேன். பெர்கனில் நாங்கள் லாட்ஜில் தங்குகிற நாள் அஃப்சானா. ஊருக்கெல்லாம் பெருநாள் அரிசி விற்கிறவன், வருஷா வருஷம் கடைப் பெயரில் காலண்டர் அடித்துக் கொடுக்கிறவன், ஹஜ்ஜுப் பெருநாளை மறந்துவிட்டு டிக்கெட் போட்டிருக்கிறேன். கமர்ஜஹான் விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாள் பேகம்பூர் முழுக்கத் தெரிந்துவிட்டது. குர்பானியை ரஃபீக் பார்த்துக்கொள்கிறான், கடையையும் அவனே பார்த்துக்கொள்கிறான், அதெல்லாம் பிரச்சினை இல்லை. பாரூக் பாய் அரிசி விக்கப் பயந்துக்கிட்டு நார்வேக்கு ஓடுறாரு என்று பள்ளிவாசல் வாசலில் பேச்சு.

உன் அம்மா ஏசப் போகிறாள் என்று இரண்டு நாள் பதுங்கிப் பதுங்கித் திரிந்தேன். மூன்றாம் நாள் சோறு போடும்போது, அங்க நம்ம ஊருப் பிறைய வச்சா, அந்த ஊருப் பிறைய வச்சா பெருநாளு என்று கேட்டாள். நம் ஊருக்கு ஒரு நாள் முந்தி வரலாம், எப்படி வந்தாலும் அன்றைக்கு நாம் பெர்கனில்தான் என்றேன். பள்ளிவாசல் இருக்கா என்றாள். இருக்கிறது, அஃப்சானா அங்கேதான் போவாள் என்றேன். தொழுதுட்டு நீங்க எங்க வருவீங்க என்றாள். லாட்ஜுக்கு என்றேன். கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். பெத்த பிள்ளை அதே ஊர்ல குடியிருக்கையில பெருநாளும் அதுவுமா லாட்ஜ்ல உக்காந்து நான் ரொட்டி திங்கணுமா, அவ அங்க தனியா என்னத்தத் திம்பா, இதெல்லாம் நெனச்சுப் பாத்துத்தான் தேதி போட்டீங்களா என்றாள். அந்த லாட்ஜ வேணாம்னு சொல்லிருங்க என்றாள். எனக்கு வந்த சந்தோஷத்தில் தட்டில் இருந்ததை எல்லாம் அள்ளிச் சாப்பிட்டுவிட்டேன்.

பிறகு தண்ணீர் குடித்துவிட்டு, சரி, அவகிட்ட நானே போன் போட்டுச் சொல்லிடுறேன் என்றேன். அதற்கு அவள் சொன்னதைக் கேட்டுக்கொள், இதற்காகத்தான் இந்தக் கடிதமே. நீங்க சொல்லாதீங்க என்றாள். ரெண்டு வருசமா அவ உங்க நம்பருக்குத்தானே போடுறா, எனக்குன்னு ஒரு போனு இல்லையா, அதுல அவ பேரு வந்து எம்புட்டு நாளாச்சு தெரியுமா என்றாள். நீதானே எடுக்க மாட்டேன் என்கிறாய் என்றேன். நீங்க பேசி முடிச்ச போனை நீட்டுனா நான் வாங்கணுமா, ஆரம்பத்துல நாலு தடவ எனக்குப் போட்டா, கோவத்துல எடுக்கல, நாலு தடவ எடுக்கலேன்னா அஞ்சாவது தடவ போடக் கூடாதா அவ, என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். இந்த இரண்டு வருஷமாக அவள் தன் போனை ஒரு நாள்கூட அணைத்து வைத்ததில்லை, நோன்பு நேரத்தில் பின்னிரவில் தஹஜ்ஜத் தொழ எழும்போதுகூடப் பக்கத்தில் இருக்கும். யாருக்காக என்று நான் கேட்டதே இல்லை.

ஆகவே மகளே, அந்த லாட்ஜை நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன் வீட்டில் ஒரு மெத்தைதான் இருக்கிறது என்றால் கவலைப்படாதே, நான் தரையில் படுத்துக்கொள்வேன். ஹலால் கறி எங்கே கிடைக்கும் என்று மட்டும் இப்போதே விசாரித்து வை, அரிசியை நான் கொண்டுவருகிறேன். வேலையில் இரண்டு நாள் லீவு சொல்லிவிடு. குளிரில் காதை மூடிக்கொள். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல உடம்பையும் மனசுக்கு அமைதியையும் கொடுப்பானாக, நீ தொட்டதெல்லாம் துலங்குவதாக, நம் மூன்று பேரையும் ஒரே தஸ்தர்கான் விரித்துச் சாப்பிட உட்கார வைப்பானாக, ஆமீன். இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற வெள்ளிக்கிழமை, நான் ஜும்ஆவுக்குப் பள்ளிவாசலில் இருப்பேன், உனக்கு அது காலை நேரம், வீட்டில் உன் அம்மா தனியாக இருப்பாள். மறந்துவிடாதே மகளே, என் நம்பருக்குப் போடாதே. உன் அம்மா நம்பருக்குப் போடு.

என்றும் உன் நலம் நாடும் அத்தா,
மு. முகமது பாரூக்