மலைக்குள் இருந்த சக்களத்தி

ஏங்க, உங்கள் ஸ்வெட்டரை இன்று வெயிலில் போட்டேன். மரக்காணத்தில் ஸ்வெட்டர் வைத்திருந்த ஆள் நீங்கள் ஒருவர்தான். எத்தனை முறை துவைத்தும் அந்த வாசனை போகவில்லை. ஈரக் கல்லும் புகையும் கலந்த அவளுடைய வாசனை. மூக்கில் ஏறியதும் பழைய எரிச்சலும் கூடவே ஏறிவிட்டது.

"அவள்" என்பது நான் வைத்த பெயர் இல்லை. செங்கோட்டைக்கு அப்பால், வெள்ளைக்காரன் காலத்தில் மலையைக் குடைந்து போட்ட அந்த ரயில் குகையை நீங்கள்தான் அப்படிச் சொல்வீர்கள். தண்டவாளம் பார்க்கும் கேங்மேன் வேலை, வருஷத்தில் பாதிக்கு மேல் அங்கேதான். லீவில் வந்தாலும் பேச்சு முழுக்க அவளைப் பற்றித்தான்.

"சித்திரை வெயில்லகூட அவகிட்ட ஜில்லுனு இருக்கும். ரயில் வந்துட்டா செவுத்துல இருக்குற மாடத்துல ஒதுங்கிக்குவேன். அப்படியே அணைச்சிக்குவா."

நான் அப்போதுதான் உப்பளத்துப் பாத்தியில் உப்பு வாரிவிட்டு, கண் கூசி, கால் எரிய வந்திருப்பேன். ஒதுங்க ஒரு மரம் கிடையாது எனக்கு. "அப்போ சோறும் அவளையே ஆக்கிப் போடச் சொல்லுங்க" என்று தட்டை நங்கென்று வைப்பேன். நீங்கள் சிரிப்பீர்கள். கல்லைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவேறு வைத்தீர்கள்.

உங்களுக்கும் ஒரு குறை இருந்தது. நான் உங்கள் பெயரைச் சொன்னதே இல்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட மகள் முகத்தைப் பார்ப்பேன், அவள்தான் சொல்வாள். நம் பக்கத்தில் என் வயதுக்காரி எவள் புருஷன் பெயரைச் சொன்னாள்?

"ஒரே ஒரு வாட்டி சொல்லேன், காதால கேக்கறேன்" என்பீர்கள்.

"மொதல்ல அவளைக் காட்டுங்க. அப்புறம் சொல்றேன்."

"ரிட்டயர் ஆவட்டும், கூட்டிட்டுப் போறேன்."

அதற்குள் நெஞ்சுவலி வந்து உங்களைக் கொண்டுபோய்விட்டது.

போன மாதம் மகள் என்னை அந்தக் குகை வழியாகப் போகிற ரயிலில் கூட்டிப்போனாள். சண்டைக்குப் போகிறவள் மாதிரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். குகைக்குள் நுழைந்ததும் பெட்டியில் இருந்த சின்னவர் பெரியவர் எல்லோரும் "ஓ"வென்று கத்தினார்கள். குளிர் முகத்தில் அடித்தது. அதே வாசனை. பெட்டி வெளிச்சத்தில் சுவரில் ஒரு மாடம் தெரிந்து மறைந்தது, ஒரு ஆள் நிற்கிற அளவு. இத்தனை சத்தத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது என்று நானும் வாயைத் திறந்தேன். உங்கள் பெயர்தான் வந்தது.

மகள் சட்டென்று திரும்பினாள். "யம்மா, அப்பா பேரையா சொன்ன?"

நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

வெளிச்சம் வந்த பிறகுதான் உறைத்தது. உங்களுக்கென்று இத்தனை வருஷம் வைத்திருந்ததை முதலில் கேட்டவள் அந்தச் சக்களத்தி. வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

அதனால் இப்போது பாத்தியில் நின்று உப்பு வாரும்போது சத்தமாகவே சொல்கிறேன். பக்கத்துப் பாத்திக்காரிகள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். அவள் கேட்டது ஒரே ஒரு முறை. உங்களுக்குத் தினமும் சொல்கிறேன்.