எதிர்க்கடையில் அளந்தது

மார்ச் 3, திங்கள்

எதிரே வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்த கிடங்கைத் திறந்துவிட்டார்கள். பலகையும் ஏறிவிட்டது: ‘உங்கள் காரின் உண்மையான பலம் இங்கே அளக்கப்படும்.’ கடைக்காரன் வேறு யாருமில்லை, என் தம்பி. பதினொரு வருஷம் என் பழைய கார் கடையில் மெக்கானிக்காக இருந்தவன். போன வருஷம் முறைத்துக்கொண்டு போனான். இத்தனை தெரு இருக்க, என் வாசலுக்கு நேரேதான் இடம் கிடைத்ததாம். ‘உண்மையான’ என்ற சொல் மட்டும் சிவப்பில். யாரைப் பார்த்து அந்தச் சிவப்பு என்று எனக்குத் தெரியாதா?

மார்ச் 4

வாசல் ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னேன். வெயில் அடிக்கிறது என்று விற்பனைப் பெண்ணிடம் காரணம் சொன்னேன். எங்கள் கடைக்கு வெயில் பின்பக்கம்தான் அடிக்கும். அவளும் இறக்கிவிட்டாள்.

மார்ச் 11, செவ்வாய்

பல் டாக்டர் வந்தார். இரண்டு வாரம் முன்பு என்னிடம் வெள்ளி நிறக் கார் வாங்கியவர். எதிர்க்கடையின் சீட்டை மேஜைமேல் வைத்தார். அந்தக் கடையில் உருளைமேல் காரை ஏற்றி, சக்கரத்தைச் சுழலவிட்டு அளக்கிறான். சீட்டில் 126.

“விக்கும்போது நூத்தம்பது குதிரைசக்தின்னீங்க. மீதி இருபத்துநாலு குதிரை எங்க மேயுது?”

சொன்னேன். நூற்றைம்பது என்பது கம்பெனிக்காரன் எஞ்சினைத் தனியாக வைத்து அளப்பது. சீட்டில் இருப்பது சக்கரம் தரையில் தள்ளும் பலம். நடுவே கியர் பாக்ஸ், நீளத் தண்டு, பின் அச்சு, டயர் — ஆளாளுக்குத் தன் பங்கைத் தின்றுவிட்டுத்தான் மிச்சத்தைக் கீழே அனுப்பும். எந்தக் காரும் அப்படித்தான்.

“இத வாங்கும்போதே சொல்லியிருக்கலாமே? நாங்க பல்லைப் பிடுங்கினாக்கூடச் சொல்லிட்டுத்தான் பிடுங்குவோம்.”

“எதிர்க்கடையில சொல்லலையா?”

“அவர் ஒண்ணும் சொல்லல. சீட்டைக் கொடுத்துட்டு உங்க கடையைப் பார்த்தாரு.”

சனிக்கிழமைக்குள் நான் காரைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டுமாம். இல்லையென்றால் சீட்டைக் கண்ணாடியில் ஒட்டி என் வாசலிலேயே நிறுத்துவாராம்.

அதே நாள், மறுபடி

படுபாவி. ஒரு வார்த்தை சொன்னா வாயிலேருந்து முத்து உதிர்ந்துடுமா? எஞ்சின் பலம் வேற, சக்கரத்துக்கு வர்ற பலம் வேறன்னு எனக்கே சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். தெரிஞ்சே வாயை மூடிட்டு நின்னிருக்கான். பொய் சொல்லியிருந்தாலாவது சட்டையைப் பிடிக்கலாம். சும்மா நின்னவனை என்ன பண்றது?

மார்ச் 13

பக்கத்து டயர் கடைக்காரர்: “என்ன குதிரைக்காரரே, லாயம் நிறைஞ்சுதா?” கடையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். இருபது வருஷம் சம்பாதித்த பேர் இரண்டு நாளில் குதிரைத் திருடன் ஆகிவிட்டது. இன்று கார் பார்க்க வந்த இரண்டு பேரும், “எதிர்ல அளந்துட்டு வரோம்” என்று போனவர்கள்தான்.

மார்ச் 14

நேரே போய்க் கேட்டேன். குனிந்து உருளையைத் துடைத்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

“வாங்க முதலாளி.”

அண்ணன் போய் முதலாளி ஆகிவிட்டேன்.

“டாக்டர்கிட்ட ஏன்டா விளக்கிச் சொல்லல?”

“அவர் கேக்கல.”

“கேட்டாத்தான் சொல்லுவியா?”

“உங்ககிட்ட கத்துக்கிட்டதுதானே. கார் அட்டையில ரெண்டு நம்பரையும் எழுதலாம்னு கெஞ்சினேனே, என்ன சொன்னீங்க?”

மறந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன். மறக்கவில்லை. ‘சின்ன நம்பரைப் பார்த்து எவன்டா வாங்குவான்? கேட்டாச் சொல்லு, இல்லேன்னா வாயை மூடு’ என்றேன். அதற்குத்தான் அவன் போனான். இந்த நோட்டிலாவது யாரை ஏமாற்றப் போகிறேன்?

மார்ச் 15, சனி

டாக்டர் சொன்னபடி வந்துவிட்டார். அவரைக் கூட்டிக்கொண்டு எதிர்க்கடைக்கே போனேன். “இவர் முன்னாடி கேக்கறேன். இந்தக் காருக்கு ஏதாவது கோளாறா?”

கேட்டால் சொல்லித்தான் ஆக வேண்டும் அவன். வேலையில் பொய் சொல்ல வராது. பல்லைக் கடித்துக்கொண்டே சொன்னான்: “எஞ்சின் சுத்தம். நூத்தம்பது எஞ்சின் சக்கரத்துல நூத்திருபத்தாறுதான் காட்டணும். நூத்தம்பதே காட்டியிருந்தா, என் மெஷின் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்.”

“இதை அன்னைக்கே சொன்னா என்ன?”

“நீங்க கேக்கலையே சார்.”

டாக்டர் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். “ரெண்டு பேரும் ஒரே வயித்துப் பிள்ளைங்கதான்” என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனார்.

கார் திரும்பவில்லை. பட்டப்பெயரும் போகவில்லை.

மார்ச் 17

எல்லா அட்டையிலும் இரண்டு எண் எழுதினேன். நூற்றுக்குப் பதினாறு கழித்துச் சக்கர எண். அரை மணி நேர வேலை. இதற்கா ஒரு வருஷம் முறைத்துக்கொண்டு திரிந்தான்?

மார்ச் 20

சாலையைக் கடந்து வந்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு அட்டையாகப் படித்தான். கறுப்புக் காரிடம் நின்றான்.

“இது ஆட்டோமேட்டிக். இன்னும் அதிகமாத் தின்னும். அந்தச் சின்னக் காருக்கு எஞ்சின் பலம் முன்சக்கரத்துக்கே போகுது, நீளத் தண்டு கிடையாது, அதுல இவ்வளவு வீணாகாது. எல்லாத்துக்கும் ஒரே கழிவு போட்டிருக்கீங்க. அளக்காம எழுதினா இதுவும் பொய்தான், முதலாளி.”

விற்பனைப் பெண் நீட்டிய தண்ணீரைக்கூட வாங்காமல் போனான். என்ன திமிர். சொன்னது சரியாக இருப்பதுதான் இன்னும் எரிகிறது.

மார்ச் 21

ஒன்பது காரையும் அவன் உருளைக்கு அனுப்பினேன். நான் போகவில்லை.

மார்ச் 29, சனி

ஒரு அம்மா கறுப்புக் காரின் அட்டையைப் படித்தார். இரண்டு எண்ணுக்கும் கீழே ‘எதிர்க்கடையில் அளந்தது’ என்று இருக்கும். எதிரே எட்டிப் பார்த்தார்.

“எதிர்க்கடைக்காரர் உங்க ஆளா? ஜாடை ஒண்ணா இருக்கே.”

“தம்பிதான். ஆனா பகையாளிம்மா. என் கடையை ஒழிக்கணும்னே எதிர்ல உக்காந்திருக்கான். எனக்காக ஒரு குதிரையைக்கூடக் கூட்டிப் போடமாட்டான்.”

அட்டையை இன்னொரு தரம் படித்தார். கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து, இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டார்.

சாயங்காலம் ஷட்டரை முழுக்க ஏற்றச் சொன்னேன். அவன் முகம் நேரே தெரிகிறது. முறைக்கிறான். முறைக்கட்டும், வாங்க வருகிறவர்கள் பார்க்கட்டும்.