இறால் பெட்டியில் போன ரத்தம்

இன்று காலை ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்ததும் இறால் வாடை அடித்தது. முத்துப்பேட்டைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து காய்ச்சல்காரர்களின் ரத்தம் வந்திருந்தது. அவர்களுடைய பெட்டி உடைந்துவிட்டதாம். இறால் ஏற்றுமதிக்காரர் ஒருவரிடம் தெர்மோகோல் பெட்டி வாங்கி, ஐஸ் நிரப்பி அனுப்பியிருந்தார்கள். முதல் வருட முதுநிலை மாணவி மூக்கைப் பொத்திக்கொண்டு, "மேடம், இதைத் திருப்பி அனுப்பிடலாமா?" என்றாள்.

"ஐஸ் உருகலையே. எடுத்து உள்ள வைம்மா" என்றேன்.

அவள் குழாய்களை எடுத்துப் போனபிறகு, பெட்டியின் மூடியை இன்னொரு தரம் திறந்து முகர்ந்து பார்த்தேன். நீங்கள் போய் இரண்டு ரமலான் கடந்துவிட்டது, மச்சான். அலமாரியில் உங்கள் அத்தர் குப்பி அப்படியே இருக்கிறது. அதைத் திறந்தால்கூட நீங்கள் இவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை.

நமக்குக் கல்யாணமான தொண்ணூறுகளில் டாக்டர் பெண் என்றாலும் மவுசு, ஷார்ஜா மாப்பிள்ளை என்றாலும் மவுசு. இரண்டையும் சேர்த்து வைத்தால் எந்த ஊரில் குடித்தனம் நடத்துவார்கள் என்று யாரும் யோசிக்கவில்லை. நீங்கள் அங்கே ஒரு சூப்பர் மார்க்கெட்டில் குளிர்பதனக் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் சென்னையில் நுண்ணுயிரியலில் எம்.டி. படித்தேன். இடையில் மகள் பிறந்தாள். படிப்பு முடிந்ததும் உங்கள் வீட்டு முன்கட்டில் கிளினிக் வைத்து, வாசலில் என் பெயர்ப்பலகை மாட்டுவது என்று எல்லாரும் பேசி முடித்திருந்தார்கள்.

அப்போதுதான் மேற்கே, மராத்தி பேசும் ஊர் ஒன்றில், டாக்டர்களுக்கு வைரஸ் நோய்களில் தனிப்பயிற்சி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். எழுதிப் போட்டேன், இடம் கிடைத்தது. உங்கள் உம்மா, என் மாமி, கோபப்படவில்லை. ஆனால் ஒன்று கேட்டார்கள்.

"கைராசிக்காரின்னு பேர் எடுப்பேன்னு பாத்தேன். நோயாளியே வராத டாக்டருக்கு எதுக்கும்மா இன்னமும் படிப்பு?"

அந்த வெள்ளிக்கிழமை நீங்கள் போன் செய்தபோது, காத்திருக்காமல் எல்லாவற்றையும் கொட்டினேன். நீங்கள் ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள்.

"அதைப் படிச்சா நீ என்ன செய்வே?"

"காய்ச்சல்னு வர்றாங்க, ஊசி போட்டு அனுப்புறோம். பாதிப் பேருக்கு எந்தக் காய்ச்சல்னே தெரியாது, மச்சான். பொழச்சாலும் தெரியாது, செத்தாலும் தெரியாது. நான் எதுன்னு கண்டுபிடிச்சுச் சொல்வேன்."

"அப்ப போ" என்றீர்கள்.

"புள்ளைய?"

"நான் வர்றேன்ல."

லீவில் வருகிறீர்கள் என்றுதான் நினைத்தேன். நீங்கள் விசாவை ரத்து செய்துவிட்டு வந்தீர்கள். ஊரே பாஸ்போர்ட்டோடு விமானம் ஏறிக்கொண்டிருந்த காலத்தில், நீங்கள் மட்டும் இரண்டு அட்டைப்பெட்டியும் ஒரு கம்பளியுமாக எதிர்த்திசையில் வந்து இறங்கினீர்கள். மாடி கட்டப் போட்ட தூண்களில் கம்பி வானத்தைப் பார்த்து நின்றது. உங்கள் வாப்பா அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "மாடி அப்புறம் கட்டிக்கலாம், வாப்பா. இந்தப் படிப்புக்கு வயசு வரம்பு இருக்கு" என்றீர்கள். அவர் சாகும்வரை அந்த மாடி கட்டப்படவில்லை. அதை ஒரு குறையாக அவர் என்னிடம் சொன்னதும் இல்லை.

அந்த ஊரில் எனக்கு இந்தி ஒரு சொல் வராது. உங்கள் ஷார்ஜா இந்திதான் நமக்கு வீடு பிடித்துக் கொடுத்தது, மகளைப் பள்ளியில் சேர்த்தது, உங்களுக்கு அரைநாள் கணக்கு எழுதும் வேலையும் தேடிக் கொடுத்தது. நான் காலையில் போனால் பொழுது சாயத்தான் திரும்புவேன். கண்ணாடிக் குப்பிகளில் உயிரணுக்களை வளர்க்க வேண்டும். வைரஸ் தனியாக வளராது. உயிருள்ள அணுவுக்குள் புகுந்துதான் பெருகும். ஆகவே முதலில் அணுக்களைப் பிள்ளை மாதிரி வளர்த்துவிட்டு, நோயாளியின் மாதிரியை அதில் விட்டு, எப்படிச் சிதைகிறது என்று நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். மாமிக்கு இதை என்னால் விளக்க முடியவில்லை. நீங்கள் போனில் ஒரே மூச்சில் விளக்கிவிட்டீர்கள். "உம்மா, நாத்தங்கால் விடுறோம்ல, அந்த மாதிரி இவ ஒரு நாத்தங்கால் விடுறா. அதுல பூச்சியை விட்டு, இது புகையான் பூச்சியா வேற பூச்சியான்னு பாக்குறா." அதற்குப் பிறகு மாமி போன் செய்யும்போதெல்லாம், "பயிர் எப்படிம்மா இருக்கு?" என்றுதான் கேட்பார்கள்.

பயிர் நன்றாக இல்லை. முதல் வருடம் என் குப்பிகளில் மட்டும் பூஞ்சை பிடித்தது. கூடப் பயின்றவர்கள் எல்லாரும் பெருநகரத்துப் பிள்ளைகள். அவர்கள் குப்பிகள் தெளிவாக இருக்கும், என்னுடையது கலங்கிக் கிடக்கும். ஒருநாள் வீட்டுக்கு வந்து, "இது எனக்கு வராது. ஊருக்குப் போயிடலாம்" என்றேன். நீங்கள் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தீர்கள்.

"ஷார்ஜாவுல முதல் வருஷம் நான் எத்தனை லோடு பாலைக் கெடுத்தேன் தெரியுமா? கதவை ஒழுங்கா சாத்தத் தெரியாது. ஏன் கெடுதுன்னு ஒவ்வொண்ணா பாத்தேன். நீயும் பாரு."

பார்த்தேன். நான் வேலை செய்த மேசைக்கு நேர் மேலே காற்றாடி சுற்றித் தூசியை இறக்கிக்கொண்டிருந்தது. இடம் மாற்றிக் கேட்டேன், கொடுத்தார்கள். குப்பிகள் தெளிந்தன. அந்தப் பெருநாளன்று அணுக்களுக்கு உணவு மாற்றும் முறை என்னுடையது. தொழுகை முடிந்து, புதுச்சட்டையோடு மகளையும் பிரியாணித் தூக்கையும் எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றீர்கள். நான் வெளியே வந்ததும், "எல்லாத்துக்கும் சாப்பாடு போட்டியா? அப்ப நீயும் சாப்பிடு" என்றீர்கள். வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து நாம் சாப்பிட்ட பெருநாள் அது.

பயிற்சி முடிந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கு வேலைக்கு வந்த வருடம், ஐப்பசி மழைக்குப் பிறகு உங்கள் ஊரில் மஞ்சள் காமாலை கிளம்பியது. மேலத் தெருவில் ஒரு கர்ப்பிணிப் பெண் இறந்துபோனாள். இன்னொருத்தி எங்கள் வார்டில் கிடந்தாள். அதே தெருவில் வளைகுடாவிலிருந்து திரும்பிய பையன் ஒருவனுக்கும் காமாலை. அவன்தான் அங்கேயிருந்து ஏதோ கெட்ட நோயைக் கொண்டுவந்துவிட்டான் என்று பேச்சு எழுந்தது. அந்த வீட்டுப் பெண்களைப் பொதுக்குழாயில் தண்ணீர் பிடிக்க விடவில்லை. கடைக்காரர் சாமானை வாசலோடு வைத்துவிட்டுப் போனார்.

நான் போய் விசாரித்தேன். அவன் வந்து மாதக்கணக்காகிறது. தெருவில் வேறு பலர் அவனுக்கு முன்பே படுத்திருக்கிறார்கள். அவன் கொண்டுவரவில்லை, இங்கே வந்து வாங்கிக்கொண்டான். மழைக்குப் பிறகு வருவது, கர்ப்பிணிகளைக் கொல்வது, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தண்ணீரில் பரவும் ஒரு காமாலை வைரஸ் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் அதைச் சோதிக்க அப்போது இங்கே வசதி கிடையாது. சோதனை இல்லாமல் சொன்னால், நேற்று வந்த பெண் சொல்கிறாள் என்பார்கள். உங்களிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அந்த வீட்டுல டீ குடிச்சா எனக்கு வருமா?" என்று கேட்டீர்கள்.

"கொதிச்ச டீதானே. வராது."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

சாயங்கால அசர் தொழுகை முடிந்து தெருவே பார்க்க அந்த வீட்டுக்குப் போனீர்கள். வாசலில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்து டீ கேட்டீர்கள். அந்தப் பையனுடைய உம்மா டம்ளரை முந்தானையால் துடைத்துத் துடைத்து டீ கொடுத்ததைப் பிறகு நீங்கள்தான் சொன்னீர்கள். குடித்து முடித்து, "இன்னும் கொஞ்சம் இருக்கா, ஆத்தா?" என்றும் கேட்டீர்களாம். சோதனைக்கு முன்பே, என் வாய்வார்த்தையை மட்டும் நம்பிக் குடித்தீர்கள். எந்தப் பட்டமும் எனக்கு அவ்வளவு தைரியத்தைக் கொடுத்ததில்லை.

மறுநாள் நான் ரத்தம் எடுத்தேன். கல்லூரியில் அனுமதிக் கடிதம் வாங்கினேன். இறால் வியாபாரம் செய்த உங்கள் கூட்டாளியிடம் நீங்கள் பெட்டி வாங்கி வந்தீர்கள். ரயில் மாறி ரயில் மாறி, வழியெல்லாம் ஐஸ் வாங்கிப் போட்டு, நான் பயின்ற இடத்துக்கே கொண்டுபோய்ச் சேர்த்தீர்கள். எதிர் சீட்டுக்காரர் வாடை தாங்காமல் இடம் மாறிப் போனது நல்லதாயிற்று, கால் நீட்டிக்கொண்டேன் என்றீர்கள். முடிவு வந்ததும் அங்கிருந்தே போன் செய்தீர்கள். மகளைப் பார்த்துக்கொள்ளத் தஞ்சாவூர் வந்திருந்த மாமிதான் எடுத்தார்கள்.

"உம்மா, ஈ-ன்னு சொல்லிட்டாங்கன்னு அவகிட்ட சொல்லுங்க."

"ஈயா? ஈ மொய்ச்சதைத் தின்னதாலயா?"

நான் ரிசீவரை வாங்கினேன். ஹெபடைடிஸ் ஈ. நான் நினைத்ததுதான். அன்றே மாமியோடு ஊருக்குப் போனேன். சாக்கடைக்குள் உடைந்து கிடந்த குடிநீர்க் குழாயைத் தோண்டி எடுத்தார்கள். கர்ப்பிணிகள் இருந்த வீடுகளுக்கெல்லாம் நானும் மாமியும் நடந்தோம். நான் வைரஸ் என்று ஆரம்பித்தால், மாமி குறுக்கே புகுந்து, "தண்ணிய நல்லா கொதிக்க வச்சுக் குடிங்கடி, என் மருமக சோதிச்சுப் பாத்துட்டா" என்று முடித்துவிடுவார்கள். வார்டில் இருந்த பெண் பிழைத்தாள். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் காமாலையால் ஒரு கர்ப்பிணியும் சாகவில்லை. அந்தப் பையனின் உம்மா குழாயடிக்குப் போனபோது, முன்னே நின்ற பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்களாம். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. குடத்தை மட்டும் தூக்கிவிட்டார்கள்.

உங்களைக் கொண்டுபோனது எந்த வைரஸும் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கும்போது இதயம் நின்றுவிட்டது. எதனால், எதனால் என்று ஊருக்கெல்லாம் தேடிக் கொடுத்தவளுக்கு, அன்று தேட ஒன்றுமே இருக்கவில்லை. அழுதேன். இத்தா இருக்க வேண்டிய நாலு மாதமும் பத்து நாளும் கழிந்ததும் வேலைக்குப் போனேன். வீட்டில் உட்கார்ந்திருந்தால் நீங்களே திட்டியிருப்பீர்கள்.

இப்போது எந்த மாதிரியையும் ரயிலில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை, இங்கேயே பார்த்துவிடுகிறோம். முடிவைத் தாளில் எழுதி அனுப்புவதோடு நான் நிறுத்துவதில்லை. பயந்து கிடக்கிற வீடு என்றால் நானே போகிறேன், அவர்கள் கொடுப்பதைக் குடிக்கிறேன், அவர்கள் கேட்டு முடிக்கும்வரை உட்கார்ந்திருக்கிறேன். மாணவர்களையும் கூட்டிப் போகிறேன்.

வருடா வருடம் புதிதாக வருகிறவர்கள் எங்கே வைராலஜி படித்தீர்கள் என்று கேட்பார்கள். ஊர்ப்பெயரைச் சொல்லி, "நாங்க அங்க படிச்சோம்" என்பேன். அப்படித்தான் வாயில் வருகிறது. யாரும் அதைக் கவனித்ததில்லை. இந்த வருடம் வந்தவள் மட்டும் விடவில்லை.

"நாங்கன்னா உங்க பேட்ச்சா மேடம்?"

"இல்லம்மா. நானும் எங்க வீட்டுக்காரரும்."

"சாரும் டாக்டரா?"

"இல்ல" என்றேன். "ஆனா சேர்ந்துதான் படிச்சோம்."